தாய்லாந்து சேஃபா? அங்க வாழறவங்க சொல்றதும் சொல்லாம விடறதும்



பிளேஸ்மெண்ட் சீசன் நடுவுல, ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. "பாங்காக்கில் வேலை. டிஜிட்டல் மார்க்கெட்டிங். எக்ஸ்பீரியன்ஸ் தேவையில்லை. இங்கிலீஷ் டைப்பிங் தெரிந்தால் போதும். மாதம் 90,000 ரூபாய். டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு இலவசம்." கீழ ஒரு டெலிகிராம் நம்பர்.

அப்போ கிளாஸ்ல பாதி பேருக்கு ஆஃபர் வரலை. அதனால ரிப்ளை எல்லாம் எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். "மச்சி பாஸ்போர்ட் எடுத்துட்டேன்"னு ஒருத்தன். "தாய் சாப்பாடு செமயா இருக்கும்"னு இன்னொருத்தன். ஒரே ஒரு பொண்ணு மட்டும் "தாய்லாந்து சேஃபா?"ன்னு கேட்டா.

எனக்கு அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல ஒரு ஆள் தெரியும். என் பெரியம்மா பொண்ணு. அக்கா பாங்காக் பக்கத்துல பதும் தானில இருக்கற ஆசிய தொழில்நுட்பக் கழகத்துல மாஸ்டர்ஸ் படிச்சுட்டு, அங்கயே வேலை கிடைச்சு நாலு வருஷமா இருக்கா. உடனே கால் பண்ணேன்.

"ரொம்ப சேஃப் டி"ன்னா. "ராத்திரி 11 மணிக்கு ஸ்கைட்ரெயின்ல இறங்கி தனியா நடந்து ரூமுக்கு வரேன். ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். சித்திகிட்ட சொல்லு, கவலையே வேண்டாம்னு." அதுக்கப்புறம், "எதுக்கு கேக்கற?"ன்னா. மெசேஜை அனுப்பினேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவளே கூப்பிட்டா. குரல் மாறியிருந்துச்சு. "யாரும் போகாதீங்க. இது பாங்காக் வேலையே இல்ல."

ஒரே ஆள், அஞ்சு நிமிஷ இடைவெளில, "ரொம்ப சேஃப்"னும் சொல்றா, "போகாதீங்க"ன்னும் சொல்றா. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. அக்காகிட்டயும் அவளோட ஆபீஸ் ஆளுங்ககிட்டயும் நிறைய பேசினேன். மிச்சத்தை நியூஸ்லயும் ரிப்போர்ட்லயும் படிச்சேன்.

ஏன் எல்லாரும் "சேஃப்"னு சொல்றாங்க?

தாய்லாந்துல வாழற வெளிநாட்டுக்காரங்க கிட்ட பாதுகாப்பு பத்தி கேட்டா, அமெரிக்காக்காரர், ஜெர்மன்காரர், நம்ம ஊர்க்காரர், யாரா இருந்தாலும் பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "என் சொந்த ஊரை விட இங்கதான் பயமில்லாம இருக்கேன்."

அதுக்குக் காரணங்கள் இருக்கு. முதல்ல, தெரு தூங்கறதே இல்ல. பாங்காக்ல எந்த சந்துல திரும்பினாலும் ஒரு செவன் இலெவன் கடை இருக்கும். நாடு முழுக்க பத்தாயிரத்துக்கும் மேல இருக்கு, பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். நடுராத்திரில தள்ளுவண்டில நூடுல்ஸ் விக்கற அம்மா, சந்து முனைல ஆரஞ்சு கலர் ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸி அண்ணன்கள், அபார்ட்மெண்ட் வாசல்ல செக்யூரிட்டி. வெளிச்சமும் ஆளும் இருக்கற தெருவுல வழிப்பறி பண்றது கஷ்டம். நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை ராத்திரி திறந்திருந்தா ஒரு தைரியம் வருமே, அதேதான்.

ரெண்டாவது, அங்க பொது இடத்துல கத்தறதும் சண்டை போடறதும் ரொம்ப அசிங்கமான விஷயம். "ஜாய் யென் யென்"னு சொல்வாங்க. மனசைக் குளிர்ச்சியா வெச்சுக்கோன்னு அர்த்தம். டிராஃபிக்ல கூட ஹாரன் அடிக்கறது கம்மி. சென்னை டிராஃபிக்ல வளர்ந்தவங்களுக்கு இது முதல் கலாச்சார அதிர்ச்சின்னு அக்கா சொல்றா.

மூணாவது, பொண்ணுங்க. தெருவுல கமெண்ட் அடிக்கறது, முறைச்சுப் பாக்கறது எல்லாம் அவ அனுபவத்துல ரொம்ப குறைவு. "இங்க வந்து ஆறு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன், நடக்கும்போது பேக்கை முன்னாடி கட்டிப் பிடிச்சுக்கற பழக்கம் போயிருந்துச்சு"ன்னா. இதைக் கேட்டப்போ எனக்கு கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

ஆக, அவங்க பொய் சொல்லலை. ஆனா நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் ஒண்ணு சொல்வார்: ஆன்சரைப் பாக்கறதுக்கு முன்னாடி சாம்பிளைப் பாரு.

சாம்பிள் யாரு?

"சேஃப்"னு சொல்றவங்க யாருன்னு பாருங்க. பெரும்பாலும் நல்ல சம்பளம், செக்யூரிட்டி இருக்கற அபார்ட்மெண்ட், ஸ்கைட்ரெயின் பக்கத்துல வீடு. பிடிச்சதனாலதான் அஞ்சு வருஷம், பத்து வருஷம் தங்கியிருக்காங்க. ஏமாந்துட்டு கோவத்துல கிளம்பினவங்க, அடிபட்டு ஊருக்குத் திரும்பினவங்க, அந்தப் பேச்சுலயே இருக்க மாட்டாங்க. நம்ம காலேஜைப் பத்தி ஃபைனல் இயர்ல கேக்கற மாதிரி. முதல் வருஷமே டிசி வாங்கிட்டுப் போனவனோட கருத்து நம்ம சர்வேல வராது இல்லையா?

இன்னொரு விஷயம். தாய்லாந்துல இருக்கற வெளிநாட்டுக்காரங்கள்ல பெரும்பான்மை வெள்ளைக்காரங்களோ இந்தியர்களோ இல்ல. மியான்மர், கம்போடியா, லாவோஸ்ல இருந்து கூலி வேலைக்கு வந்தவங்க. பதிவு பண்ணவங்களே 20 லட்சத்துக்கும் மேல. கட்டட வேலை, மீன் பதப்படுத்தற ஃபேக்டரி, மீன்பிடிப் படகு எல்லாம் அவங்கதான். அவங்களை யாரும் 'எக்ஸ்பாட்'னு கூப்பிடறதில்ல. மீன்பிடிப் படகுகள்ல சம்பளம் தராம, கரைக்கே விடாம வேலை வாங்கின கதைகள் 2014, 2015ல உலகம் முழுக்க நியூஸ் ஆச்சு. ஐரோப்பிய யூனியன் 2015ல தாய்லாந்து மீன்பிடித் துறைக்கு மஞ்சள் அட்டை எச்சரிக்கையே குடுத்துச்சு. அது முறையில்லாத மீன்பிடிக்காகக் குடுத்தது. 2019ல நீக்கினாங்க. படகுல வேலை செஞ்ச ஒரு மியான்மர் பையன்கிட்ட "தாய்லாந்து சேஃபா?"ன்னு கேட்டா, சுகும்வித்ல காபி குடிச்சுட்டு இருக்கறவர் சொல்ற பதில் வராது.

அதனால "சேஃபா?"ங்கறது அரைகுறை கேள்வி. யாருக்கு? எந்த இடத்துல? எதுல இருந்து? இந்த மூணையும் சேர்த்துக் கேட்டாதான் பதிலுக்கு அர்த்தம் வரும். முக்கியமா மூணாவது. அங்க இருக்கறவங்க "சேஃப்"னு சொல்றப்போ மனசுல நினைக்கறது கத்தி காட்டி பர்ஸ் பிடுங்கறதை. ஆனா அங்க ஆபத்து வர்ற வழிகள் வேற.

உயிருக்கு ஆபத்து: ரோடு

அக்கா பாங்காக் போன மூணாவது மாசம் பைக் டாக்ஸில இருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுச்சு. பின்னாடி உக்காந்தவளுக்கு ஹெல்மெட் இல்ல. தலைல படலை, அது அதிர்ஷ்டம். அந்த விஷயம் பெரியம்மாக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரியும். "சேஃபா இருக்கேன்"னு தினமும் வாட்ஸ்அப்ல சொல்லிட்டு இருந்தவ, கட்டு போட்ட கையை வீடியோ கால்ல காட்டாம சமாளிச்சிருக்கா.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, 2016ல தாய்லாந்துல 1 லட்சம் பேருக்கு 32.7 பேர் சாலை விபத்துல இறந்தாங்க. அதே ரிப்போர்ட்ல இந்தியாவோட எண் 22.6. "நம்ம ரோட்டை விட மோசமான ரோடா?"ன்னு நான் ரெண்டு தடவை செக் பண்ணேன். ஆமாம். 2021க்கு அந்த எண் 25.4ஆ குறைஞ்சிருக்கு, இன்னும் அதிகம்தான். இறந்தவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் இரண்டு, மூணு சக்கர வண்டில போனவங்க. கொலையால சாகறவங்களோட எண்ணிக்கை இதுக்குப் பக்கத்துல கூட வராது.

அங்க புத்தாண்டு சமயத்துலயும், ஏப்ரல்ல வர்ற சொங்க்ரான் தண்ணித் திருவிழா சமயத்துலயும் "ஏழு ஆபத்தான நாட்கள்"னு அரசாங்கமே பேர் வெச்சு, தினமும் விபத்து எண்ணிக்கையை நியூஸ்ல வாசிப்பாங்க. குடிச்சுட்டு ஓட்டறதும் வேகமும்தான் முக்கியக் காரணம். 2022 ஜனவரில பாங்காக் நடுவுல, ஜீப்ரா கிராஸிங்ல நடந்து போன ஒரு இளம் டாக்டர் மேல ஒரு போலீஸ்காரர் ஓட்டின பெரிய பைக் மோதி, அவங்க இறந்துட்டாங்க. நாடே கொதிச்சுச்சு. அதுக்கப்புறம் ஜீப்ரா கோட்டுக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சாங்க, ஃபைன் ஏத்தினாங்க. ஆனா அங்க பல வருஷமா இருக்கறவங்க இன்னும் "பச்சை மனுஷன் எரிஞ்சாலும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் இறங்குவேன்"னு சொல்றாங்க.

நமக்கு இதுல ஒரு தனி டேஞ்சர் இருக்கு. அங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். "நம்ம ஊர்லயே ஓட்டறோம், இதென்ன"ன்னு ஒரு தைரியம் வந்துடும். ஃபுக்கெட், கோ சமுய் மாதிரி தீவுகள்ல 200, 300 பாட் குடுத்தா ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். பல கடைல லைசென்ஸே கேக்க மாட்டாங்க. ஆனா போலீஸ் கேப்பாங்க. அதை விட முக்கியமா, இன்ஷூரன்ஸ் கம்பெனி கேக்கும். ஊர்ல ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கின சர்வதேச டிரைவிங் பெர்மிட் இல்லாமலோ, அதுல பைக் ஓட்ட அனுமதி இல்லாமலோ விழுந்தா, பல டிராவல் இன்ஷூரன்ஸ் கைவிரிச்சுடும். அங்க பிரைவேட் ஆஸ்பத்திரில ஒரு ஆபரேஷன் பில் நம்ம நாலு வருஷ காலேஜ் ஃபீஸைத் தாண்டிடும். வெளிநாட்டுக்காரங்களோட ஆஸ்பத்திரிச் செலவுக்காக நண்பர்கள் ஆன்லைன்ல பணம் வசூல் பண்ற கதைகள் அங்க சகஜம்.

ஆனாலும் கேட்டா "சேஃப்"தான். ஏன்னா ஆக்சிடெண்டை யாரும் 'க்ரைம்' கணக்குல சேக்கறதில்ல. பயம் கண்ணுக்குத் தெரியற வில்லனைத் தேடுது. ரோட்டுக்கு முகம் கிடையாது.

காசுக்கு ஆபத்து: சிரிச்ச முகம்

அங்க கத்தி காட்டிக் காசு பிடுங்கறவங்க கம்மி. சிரிச்சுப் பேசி வாங்கறவங்க அதிகம். சில பழைய ட்ரிக்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சும் இன்னும் ஓடிட்டு இருக்கு.

"அரண்மனை இன்னைக்கு லீவு": பாங்காக் கிராண்ட் பேலஸ் பக்கம் நல்லா டிரஸ் பண்ண ஒருத்தர் வந்து, இன்னைக்கு விசேஷம், மூடிட்டாங்கன்னு சொல்வார். 20 பாட்டுக்கு டுக் டுக்ல ஊர் சுத்திக் காட்ட ஆள் ரெடியா இருக்கும். சுத்தல் கடைசில ஒரு ரத்தினக்கல் கடைல போய் நிக்கும். "இதை வாங்கி உங்க ஊர்ல வித்தா டபுள் காசு"ம்பாங்க. அரண்மனை திறந்தேதான் இருந்திருக்கும்.

ஜெட் ஸ்கீ: பட்டாயாலயும் ஃபுக்கெட்லயும் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் குடுக்கும்போது, ஏற்கனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கான பாட் கேப்பாங்க. சுத்தி நாலு பேர் வந்து நிப்பாங்க. எடுக்கும்போதே வண்டியை முழுசா வீடியோ எடுத்து வைக்கறதுதான் மருந்து.

பாஸ்போர்ட் அடமானம்: ஸ்கூட்டர் கடைல டெபாசிட்டா பாஸ்போர்ட்டைக் கேப்பாங்க. குடுத்தா, அப்புறம் அவங்க சொன்னதுதான் ரேட்டு. காசை டெபாசிட்டா குடுங்க, பாஸ்போர்ட்டோட ஜெராக்ஸ் குடுங்க. ஒரிஜினலை யார்கிட்டயும் குடுக்காதீங்க. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கட்டுரை முடியறப்போ மறுபடி வரும்.

இதெல்லாம் டூரிஸ்ட் பிரச்சினை, நமக்கில்லைன்னு அங்க வாழறவங்க சொல்வாங்க. அவங்களுக்கு வர்றது வேற மாதிரி. காதல், கூட்டு பிசினஸ், தன் பேர்ல வாங்க முடியாத நிலம். தாய்லாந்துல வெளிநாட்டுக்காரர் பொதுவா நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. அதனால இன்னொருத்தர் பேர்ல வாங்கி, உறவு முறிஞ்சதும் தெருவுக்கு வந்த ரிடையர்ட் ஆளுங்க கதை நிறைய. யாரும் பூட்டை உடைக்கலை. அவங்களே சாவியைக் குடுத்தாங்க.

போலீஸ், சட்டம்: எங்க பேசணும், எங்க வாயை மூடணும்

பிரச்சினைனா கூப்பிட டூரிஸ்ட் போலீஸ் இருக்கு, நம்பர் 1155. இங்கிலீஷ்ல பேசலாம். சாதாரண போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669. பலருக்கு நல்ல அனுபவம் இருக்கு. தொலைஞ்ச போனை சிசிடிவி பாத்து ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுக் குடுத்ததா அக்கா ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்.

மறுபக்கமும் இருக்கு. 2023 ஜனவரில, பாங்காக்ல ஒரு செக்போஸ்ட்ல தைவான் நடிகை ஒருத்தரை நிறுத்தி, வேப் வெச்சிருந்தாங்கன்னு சொல்லி 27,000 பாட் வாங்கின விஷயம் வெடிச்சுச்சு. முதல்ல இல்லவே இல்லைன்ன போலீஸ், அப்புறம் வாங்கினது உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க. இதுல நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, அங்க வேப் சட்டவிரோதம், அதனால கைல வெச்சிருக்காதீங்க. ரெண்டு, சின்னத் தப்பு ஒண்ணு உங்ககிட்ட இருந்தா, அதை வெச்சு உங்களை வளைக்க ஆள் இருக்கு.

வாய் விஷயத்துலயும் கவனமா இருக்கணும். அரச குடும்பத்தை அவமதிச்சா, கிரிமினல் சட்டம் 112வது பிரிவுப்படி ஒரு குற்றத்துக்கு 3ல இருந்து 15 வருஷம் ஜெயில். அவதூறும் அங்க கிரிமினல் குற்றம், நம்ம நாட்ல இருக்கற மாதிரியே. 2020ல ஒரு தீவுல தங்கின ஹோட்டலைப் பத்தி ஆன்லைன்ல மோசமா ரிவ்யூ எழுதின அமெரிக்கர் மேல அவதூறு கேஸ் போட்டு அரெஸ்ட் பண்ணாங்க. கடைசில சமாதானம் ஆச்சு. "கோவத்துல போஸ்ட் போடாத, ஒரு நாள் தூங்கி எழு"ங்கறது அங்க பழைய ஆளுங்க புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கற முதல் அட்வைஸ்.

தெருச் சண்டைக்கும் அதே அட்வைஸ்தான். பார்ல ராத்திரி 2 மணிக்கு பில் தப்பா இருந்தா குடுத்துட்டு வெளிய வந்துடு. ஒருத்தரை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினா, அமைதியா இருக்கற ஊர் சட்டுன்னு மாறிடும், ஒருத்தருக்குப் பதிலா பத்து பேர் வருவாங்க. வெளிநாட்டுக்காரங்க அடி வாங்கின கதைகள்ல பெரும்பாலும் குடியும் கத்தலும் இருக்கும்.

நியூஸ்ல வர்ற பயங்கள்

தாய்லாந்துல துப்பாக்கி அதிகம். 2017 மதிப்பீடு ஒண்ணு, பொதுமக்கள் கைல சுமார் 1 கோடி துப்பாக்கி இருக்குன்னு சொல்லுச்சு. 2020 பிப்ரவரில கோராட் நகரத்துல ஒரு ராணுவ வீரர் சுட்டு 29 பேர் இறந்தாங்க. 2022 அக்டோபர்ல நோங் புவா லம்பூல ஒரு முன்னாள் போலீஸ்காரர் குழந்தைகள் காப்பகத்துல புகுந்தார். இறந்தவங்க 36 பேர், பாதிக்கு மேல சின்னக் குழந்தைகள். 2023 அக்டோபர்ல பாங்காக் நடுவுல இருக்கற சியாம் பாராகான் மால்ல 14 வயசுப் பையன் சுட்டான். அக்கா அன்னைக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்திருக்கா.

தெற்கே மலேசிய எல்லைல பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்கள்ல 2004ல இருந்து கிளர்ச்சி நடக்குது. 7,000 பேருக்கு மேல இறந்திருக்காங்க. பல நாடுகள் தங்கள் மக்களை அங்க போக வேண்டாம்னு சொல்லுது. 2025 ஜூலைல கம்போடியா எல்லைல அஞ்சு நாள் சண்டையே நடந்துச்சு. பாங்காக்ல அன்னைக்கும் ஆபீஸ் ஓடிட்டுதான் இருந்துச்சாம். ஒரே நாடு, ஆனா "எந்த இடத்துல?"ங்கற கேள்விக்கு எவ்வளவு வித்தியாசமான பதில் பாருங்க.

இந்த சம்பவங்கள் பெரிய பயத்தைக் கிளப்பும், ஆனா ஒருத்தரோட தினசரி வாழ்க்கைல நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஹெல்மெட் இல்லாத பைக் சவாரி தினமும் நடக்குது.

சுதந்திரத்துக்கு ஆபத்து: மே சோட் வழி

இப்போ அந்த மெசேஜுக்கு வருவோம்.

பாங்காக்ல இருந்து வடமேற்கா சுமார் 500 கிலோமீட்டர் போனா மே சோட்னு ஒரு எல்லை ஊர். பக்கத்துல மோய் ஆறு. சில இடங்கள்ல படகுல ஏறினா சில நிமிஷத்துல அக்கரை. அக்கரை மியான்மரோட மியாவடி. அங்க 2021 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் ஆயுதக் குழுக்கள் கட்டுப்பாட்டுல பெரிய பெரிய காம்பவுண்டுகள் வளர்ந்துச்சு. உள்ள நடக்கறது ஆன்லைன் மோசடி. காதலிக்கற மாதிரி மாசக்கணக்குல சாட் பண்ணி, கிரிப்டோல முதலீடு பண்ண வெச்சு, மொத்தமா உருவறது. அதுக்கு இங்கிலீஷ் டைப் பண்ண, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுங்க வேணும். அதாவது நம்ம.

2022 செப்டம்பர்ல இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. ஐடி தெரிஞ்ச இளைஞர்களைக் குறிவெச்சு, தாய்லாந்துல "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூடிவ்" வேலைன்னு சோஷியல் மீடியாலயும், துபாய், இந்தியால இருக்கற ஏஜெண்ட் மூலமாவும் ஏமாத்தறாங்கன்னு. நம்ம குரூப்ல வந்த மெசேஜோட வார்த்தைகளை மறுபடி பாருங்க. அதே அக்டோபர்ல மியாவடில இருந்து மீட்ட ஒரு குழுல 13 பேர் தமிழ்நாட்டுக்காரங்க.

நடக்கற விதம் ஒரே மாதிரிதான். டூரிஸ்டா பாங்காக் வரச் சொல்வாங்க. ஏர்போர்ட்ல கார் நிக்கும். "ஆபீஸ் கொஞ்சம் தூரம்"னு சொல்லி ஏழெட்டு மணி நேரம் ஓட்டுவாங்க. ராத்திரில ஆறு. அக்கரைல முதல் வேலையா பாஸ்போர்ட்டை வாங்கிப்பாங்க. ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்கு மேல வேலை, டார்கெட் முடியலைன்னா அடி, ஷாக். வீட்டுக்குப் போகணும்னா லட்சக்கணக்குல பணம். 2023ல ஐநா மனித உரிமை அலுவலகம், மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியால சுமார் 1,00,000 பேர் இந்த மாதிரி கட்டாயத்துல இருக்கலாம்னு சொல்லுச்சு.

2025 பிப்ரவரில தாய்லாந்து அந்தப் பக்கம் போற கரண்ட், இன்டர்நெட், எரிபொருளை நிறுத்துச்சு. அடுத்த மாசம் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்ல இருந்து ரெண்டு நாள்ல 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்துச்சு. அப்புறமும் ஆள் எடுக்கறது நிக்கலை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. மாட்டினவங்க தாய்லாந்தை நம்பினதுனால மாட்டினாங்க. "தாய்லாந்து சேஃப், நிறைய பேர் டூர் போறாங்க, விசா கூட வேண்டாம்." அது உண்மைதான். 2023 நவம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசா தேவையில்லைன்னாங்க. அந்த நல்ல பேரையே தூண்டில் புழுவா மாட்டறாங்க. மியான்மர்ல வேலைன்னு சொன்னா யார் போவாங்க? அக்காவோட பாங்காக் நிஜம். மெசேஜ்ல இருந்த பாங்காக் வெறும் பேர்.

நமக்கு ஆஃபர் வந்தா என்ன பண்ணணும்?

தாய்லாந்துல நிஜமாவே நல்ல வேலைகள் இருக்கு. கார் தயாரிப்பு, ஐடி, டீச்சிங், ரிசர்ச். அதனால பயந்து ஓட வேண்டாம், செக் பண்ணுங்க.

1. வேலைக்குன்னா 'நான் இமிக்ரெண்ட் பி' விசா வேணும். கம்பெனி குடுக்கற பேப்பரை வெச்சு முன்னாடியே அப்ளை பண்ணுவாங்க. அங்க போய் வொர்க் பெர்மிட். "டூரிஸ்டா வா, அப்புறம் மாத்திக்கலாம்"னா அங்கயே நிறுத்துங்க.

2. ஆபீஸ் எந்த மாகாணம், எந்தத் தெரு? மேப்ல பாருங்க. எல்லைல இருந்து எவ்வளவு தூரம்? அங்க வேலை செய்யற ஒருத்தர்கிட்ட நேரா வீடியோ கால்ல பேசுங்க.

3. ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணவரான்னு இ-மைக்ரேட் தளத்துல பாருங்க. தமிழ்நாட்ல அயலகத் தமிழர் நலத்துறையையும் கேக்கலாம்.

4. எக்ஸ்பீரியன்ஸ் கேக்காம, இன்டர்வியூல டைப்பிங் ஸ்பீடு மட்டும் கேட்டு, பெரிய சம்பளம்னா, நம்ம திறமைக்குத் தர்ற சம்பளம் இல்ல அது.

5. போனா, விசா தேதி தாண்டாதீங்க. ஒரு நாளைக்கு 500 பாட் ஃபைன், அதிகபட்சம் 20,000. பாஸ்போர்ட் எப்பவும் உங்ககிட்ட. 1155 போன்ல சேவ் பண்ணிக்கோங்க. பைக் டாக்ஸில ஹெல்மெட் கேட்டு வாங்குங்க. அக்கா இப்போ பேக்லயே ஒண்ணு வெச்சிருக்கா.

கடைசியா

அன்னைக்கு ராத்திரி நான் குரூப்ல இதெல்லாம் டைப் பண்ணிப் போட்டேன். நிறைய பேர் தம்ஸ் அப். ஒருத்தன் மட்டும் தனியா மெசேஜ் பண்ணான். "நான் ஏற்கனவே பாஸ்போர்ட் ஸ்கேன் அனுப்பிட்டேன். அடுத்த வாரம் டிக்கெட் போடறேன்னு சொல்லிருக்காங்க. வீட்ல லோன் இருக்கு, அம்மாகிட்ட வேலை கிடைச்சுருச்சுன்னு சொல்லிட்டேன்."

அவனை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரலை. லோன் என் தலைலயும் இருக்கு. நானும் அவனும் உக்காந்து அந்த டெலிகிராம் நம்பருக்கு மூணே கேள்வி அனுப்பினோம். கம்பெனி அட்ரஸ் என்ன? எந்த விசா? அங்க வேலை செய்யற ஒருத்தர்கிட்ட வீடியோ கால்ல பேசலாமா?

முதல் ரெண்டுக்கு "வந்து பாத்துக்கலாம் ப்ரோ"ன்னு பதில் வந்துச்சு. மூணாவதுக்கு பதில் வரலை. அரை மணி நேரத்துல அந்த சாட்டே காணாம போச்சு.

அவனுக்கு இப்போ கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில வேலை. 90,000 இல்ல, அதுல நாலுல ஒரு பங்குதான். போன வாரம் அக்காகிட்ட பேசறப்போ அவன் பக்கத்துல இருந்தான். "எப்பவாவது டூர் வரேன் அக்கா"ன்னான்.

"வா தம்பி, ஊர் சுத்திக் காட்டறேன். ஹெல்மெட் நான் தரேன்"ன்னா அக்கா.